ஒரே கணினி, பல பயனர்கள்: கேமரா, மைக், ஆர்டுயினோவை யாருக்குத் திறந்துவிடுவது?

லினக்ஸ் கணினி ஒன்றை நான்கைந்து பேர் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவருக்கு வேலை செய்யும் கருவி இன்னொருவருக்கு வேலை செய்வதில்லை. புதிதாகச் சேர்த்த பயனர் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பயிற்சி போர்டைச் செருகினால் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்று வந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் எல்லோருக்கும் அனுமதியைத் திறந்துவிடும் 'சிஎச்மாட் 666' கட்டளையைப் போடச் சொல்கிறார், இன்னொருவர் அந்தக் கருவியைத் திறக்க உரிமையுள்ள 'டயல்அவுட்' என்ற பயனர் குழுவில் சேர்க்கச் சொல்கிறார், மூன்றாமவர் செருகும் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் என்ற சேவைக்கு விதி எழுதச் சொல்கிறார். மூன்றுமே அந்த நேரத்துக்கு வேலை செய்துவிடும். எதைத் தேர்வது என்ற குழப்பமே அதனால்தான் வருகிறது.

ஒருவர் மட்டும் வைத்திருக்கும் லேப்டாப்பில் எதைச் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேப், சின்ன அலுவலகம், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கணினியில் வேலை பார்க்கும் வீடு என்று வந்துவிட்டால் வித்தியாசம் மிகப் பெரியது. அந்தக் கணினியில் ஆர்டுயினோ மட்டும் இல்லை, மைக்கும் கேமராவும் இருக்கின்றன. ஆர்டுயினோவுக்குச் சரியான வழி கேமராவுக்குத் தவறான வழியாக இருக்கலாம். எல்லாக் கருவிக்கும் ஒரே வழியைத் தேடுவதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் என்பது என் கருத்து.

இங்கே சொல்வதெல்லாம் டெபியன், உபுண்டு வகையைச் சேர்ந்த லினக்ஸை வைத்து. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தது என்பதால், அரசு தந்த லேப்டாப்பில் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் குழுப் பெயர்கள் தெரிந்தவையாகவே இருக்கும். ஆர்ச் லினக்ஸில் மட்டும் 'டயல்அவுட்' இருக்கும் இடத்தில் 'யுயுசிபி' என்ற குழு இருக்கும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

லினக்ஸில் ஒவ்வொரு கருவியும் 'டெவ்' அடைவுக்குள் ஒரு கோப்பாகத் தெரியும். அந்தக் கோப்புக்கு ஓர் உரிமையாளர், ஒரு குழு, படிக்க எழுத யாருக்கு உரிமை என்ற எண், இவை உண்டு. ஆர்டுயினோ போன்றவை பேசும் சீரியல் போர்ட்டுக்கு உரிமையாளர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு), குழு டயல்அவுட், எண் 660, அதாவது உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்கலாம், எழுதலாம். கேமராவுக்குக் குழு 'வீடியோ', ஒலி அட்டைக்கு 'ஆடியோ'. இதற்குமேல் தனி ஒரு பயனர் பெயருக்கே அனுமதி எழுதிவைக்கும் ஏசிஎல் என்ற அடுக்கும் உண்டு. கோப்புப் பட்டியலில் உரிமை எழுத்துகளின் கடைசியில் ஒரு '+' குறி தெரிந்தால் அங்கே ஏசிஎல் இருக்கிறது என்று பொருள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

1. அனுமதி யாரோடு ஒட்டியிருக்கிறது? குறிப்பிட்ட மனிதரோடா, திரைக்கு முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பவரோடா, அல்லது ஒரு வேலையோடா? மற்ற நான்கையும் விட இதுவே முக்கியமானது.
2. கொடுத்த அனுமதியை உண்மையிலேயே திரும்ப வாங்க முடியுமா?
3. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதே கருவியைத் திறந்தால் என்ன ஆகும்?
4. கேட்டது ஒரு கருவி. கொடுப்பது அது ஒன்றை மட்டுமா, கூடவே வேறு எதையாவதுமா?
5. திரைக்கு முன்னால் யாரும் இல்லாதபோது, எஸ்எஸ்எச் வழியாகவோ (வேறு கணினியிலிருந்து நுழைவது) க்ரான் மூலமாகவோ (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) அது வேலை செய்ய வேண்டுமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அனுமதி என்பது வேறு, முறை வைத்துப் பயன்படுத்துவது என்பது வேறு. ஒரு பயன்பாடு கேமராவிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த பயன்பாடு கேட்டால், கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மறுத்துவிடும். சீரியல் போர்ட் அப்படி மறுக்காது. இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறந்தால் இரண்டுக்குமே திறக்கும். சென்சாரிலிருந்து வரும் எழுத்துகளில் சில இவருக்கும் சில அவருக்கும் போகும். இருவரும் தங்கள் நிரலில்தான் பிழை என்று மணிக்கணக்காகத் தேடுவார்கள். அனுமதியை எவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

## வழி 1: எல்லோருக்கும் திறந்துவிடுவது

'சிஎச்மாட் 666' என்றால் கணினியில் கணக்கு உள்ள யாரும், பின்னணியில் ஓடும் எந்தச் சேவையும் அந்தக் கருவியைப் படிக்கலாம், எழுதலாம். 'டெவ்' அடைவு நினைவகத்தில் உருவாவது. கருவியைப் பிடுங்கிச் செருகினால் கோப்பு புதிதாக உருவாகும், போட்ட அனுமதி போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது, ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் சூடோவுக்குக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருக்கும். இதில் சலித்துப்போய் எல்லா மாணவர்களுக்கும் சூடோ கொடுத்துவிடும் லேப்கள் இருக்கின்றன. ஆர்டுயினோவுக்காக ஆரம்பித்தது முழுக் கணினியையும் ஒப்படைப்பதில் போய் முடிகிறது.

கருவி பழுதா, அனுமதிதான் தடையா என்று ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்க இது போதும். அதற்குமேல் வேண்டாம்.

## வழி 2: தயாராக இருக்கும் குழுவில் சேர்ப்பது

மிகவும் பரவலான அறிவுரை இதுதான். பயனரை டயல்அவுட்டில் சேர், வெளியேறி உள்ளே வா, முடிந்தது. அனுமதி இங்கே மனிதரோடு ஒட்டியிருக்கிறது. அவர் திரைக்கு முன்னால் இருந்தாலும், வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் செய்தாலும், அவர் பெயரில் நள்ளிரவில் க்ரான் ஓடினாலும் அனுமதி உண்டு.

சீரியல் போர்ட்டுக்கு இது நல்ல குணம். இரவு முழுக்க வெப்பநிலை பதிவு செய்ய வேண்டிய மாணவர் லேப்பிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

அதே குணம் மைக்குக்கும் கேமராவுக்கும் வரும்போது ஆபத்தாகிறது. 'ஆடியோ' குழுவில் உள்ள ஒருவர் தன் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஒலிப்பதிவுக் கட்டளையைக் கொடுத்தால், அந்த நேரத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வேறொருவர் பேசுவது பதிவாகலாம். 'வீடியோ' குழுவில் இருந்தால் கேமராவும் அப்படியே. எந்தக் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை, எந்தப் பாதுகாப்பு ஓட்டையும் தேவைப்படவில்லை. நிர்வாகியே கொடுத்த அனுமதி. பெண்கள் விடுதியின் பொதுக் கணினியையோ குழந்தைகள் பயன்படுத்தும் கணினியையோ நினைத்துப் பாருங்கள். 'ஒலி வரவில்லையா, ஆடியோ குழுவில் சேர்' என்ற பழைய அறிவுரையை இன்னமும் பலர் யோசிக்காமல் எழுதுகிறார்கள் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

டெபியன் நிறுவும்போது உருவாகும் முதல் பயனர் ஆடியோ, வீடியோ குழுக்களில் தானாகவே சேர்ந்துவிடுவார். பிறகு சேர்க்கப்படுபவர்கள் சேர்வதில்லை. ஒரே கணினியில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடப்பதற்கு இது ஒரு காரணம். பகிர்ந்துகொள்ளும் கணினி என்றால் முதல் வேலையாக அந்தப் பட்டியலைப் பார்த்து, தேவையில்லாத குழுக்களிலிருந்து அந்த முதல் பயனரை எடுத்துவிடுங்கள். திரையில் நுழையும்போது, பின்னால் வரும் வழி 4 அவருக்கும் வேலை செய்யும்.

ஒலி விஷயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆடியோ குழுவில் இருப்பவர், வேறு பயனர் திரைக்கு வந்த பிறகும் ஒலி அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். வந்தவருக்கு ஒலியே வராது.

சில குழுக்களின் பெயர் சாதாரணமாகத் தெரியும், ஆனால் கொடுக்கும் அதிகாரம் பெரிது. 'டிஸ்க்' குழுவில் உள்ளவர் வன்தட்டை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் முடியும், அதாவது எல்லோருடைய கோப்புகளையும். அது ரூட்டுக்குச் சமம். 'இன்புட்' குழுவில் உள்ளவர் விசைப்பலகையில் யார் என்ன தட்டினாலும் படிக்கலாம், கடவுச்சொல் உட்பட. 'டாக்கர்' குழுவும் ரூட்டுக்குச் சமம்தான். பென்டிரைவ் திறக்கவில்லை என்று யாரையும் டிஸ்க் குழுவில் சேர்க்காதீர்கள். ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்று இன்புட் குழுவிலும் வேண்டாம்.

### திரும்ப வாங்கும்போது

குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் அந்த நொடியே அனுமதி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. குழு உறுப்புரிமை உள்ளே நுழையும்போது ஒட்டப்படுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு அது தொடரும். வெளியேறிய பிறகும் நிரல்களை ஓடவைக்கும் டிமக்ஸில் ஒரு அமர்வை விட்டுவைத்திருந்தால் வாரக்கணக்கில்கூட இருக்கும். நீக்கிய கையோடு 'லாகின்சிடிஎல்' கட்டளையில் 'டெர்மினேட்-யூசர்' என்று கொடுத்து அவருடைய எல்லா அமர்வுகளையும் முடித்துவிட வேண்டும்.

இன்னும் நுணுக்கமான ஓர் ஓட்டை உண்டு. குழுவில் இருக்கும்போதே ஒருவர் தன் ஹோம் அடைவில் ஒரு நிரலை வைத்து, அதன் குழுவை டயல்அவுட் ஆக்கி, யார் ஓட்டினாலும் அந்தக் குழுவின் அனுமதியோடு ஓடவைக்கும் செட்ஜிஐடி குறியைப் போட்டுவைத்தால், நீக்கிய பிறகும் அந்த நிரல் டயல்அவுட் அனுமதியோடு ஓடும். ஹோம் பிரிவை, இத்தகைய குறிகளை மதிக்காத 'நோசூயிட்' விருப்பத்தோடு மவுண்ட் செய்தால் (கணினியோடு இணைத்தால்) இந்த வழி அடைபடும். டெம்ப் போல எல்லோரும் எழுதக்கூடிய மற்ற இடங்களையும் அப்படியே செய்ய வேண்டும். செமஸ்டருக்கு ஒரு முறை பயனர்கள் மாறும் லேப்பில் இதைச் செய்தே ஆக வேண்டும்.

சேர்க்கும்போதும் கவனம் தேவை. 'யூசர்மாட்' கட்டளையில் 'ஏ', 'ஜி' இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வர வேண்டும். 'ஏ' விட்டுப்போனால் அவர் இருந்த மற்றக் குழுக்கள் எல்லாம் போய்விடும். நிர்வாகி தனக்கே அப்படிச் செய்துகொண்டால் சூடோ உரிமையும் போய்விடும். டெபியனில் 'ஆட்யூசர்' கட்டளைக்குப் பின் பயனர் பெயர், குழுப் பெயர் இரண்டையும் கொடுத்தால் இந்த ஆபத்தே இல்லை. நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

## வழி 3: யுடெவ் விதி, சொந்தக் குழு

டயல்அவுட்டில் சேர்த்தால் எல்லாச் சீரியல் போர்ட்டும் திறந்துவிடும். அதே கணினியில் ஆர்டுயினோவும், யுபிஎஸ் கண்காணிப்பு கேபிளும், விலையுயர்ந்த அளவுக்கருவியும் இருந்தால் மாணவருக்கு மூன்றும் கிடைத்துவிடும். இங்கேதான் யுடெவ் கைகொடுக்கிறது. கருவி செருகப்படும்போது அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தொடர் எண் பார்த்து, இதற்கு இந்தக் குழு, இந்த உரிமை என்று எழுதி வைக்கலாம். உதாரணமாக அசல் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்றால் 2341:0043. 'லேப்போர்டு' என்று புதிதாக ஒரு குழு உருவாக்கி, அந்த எண்ணுள்ள கருவி மட்டும் அந்தக் குழுவுக்கு என்று விதி எழுதினால் மற்றவை தனியாக நிற்கும். மீண்டும் செருகினாலும், கணினியை மறுபடி தொடங்கினாலும் விதி நிலைக்கும். கூடவே ஒரு நிலையான பெயரையும் கொடுக்கலாம். செருகும் வரிசையைப் பொறுத்துப் போர்ட் எண் மாறும் தொல்லை அதனால் போகும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், எண் 1ஏ86:7523. அதில் பொதுவாகத் தொடர் எண் கிடையாது. இரண்டு போர்டுகளைச் செருகினால் எது எது என்று யுடெவ்வால் சொல்ல முடியாது. அப்போது எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், துளைகளுக்கு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். சிப்பை மாற்றி வேறு வகை போர்டு வாங்கினால் விதியையும் திருத்த வேண்டும். இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான்: யாராவது ஒருவர் இதைப் பராமரிக்க வேண்டும், அவர் போன பிறகும் புரியும்படி விதிக்கு மேலே ஒரு வரி குறிப்பு எழுதி வைக்க வேண்டும்.

விதி எழுதுமுன் உண்மையிலேயே அனுமதிதான் பிரச்சினையா என்று பாருங்கள். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சேவை, மேலே சொன்ன அதே சிஎச்340 எண்ணைத் தன்னுடைய கருவி என்று எடுத்துக்கொண்டது. போர்ட் தோன்றி உடனே மறையும். பலர் அந்தத் தொகுப்பையே நீக்கச் சொல்கிறார்கள். பகிர்ந்த கணினியில் பிரெய்ல் திரை பயன்படுத்தும் ஒருவர் இருந்தால் அவருடைய கணினியையே பறித்ததாகிவிடும். அந்த ஒரு எண்ணுக்கான வரியை மட்டும் முடக்கினால் போதும். 'மோடம்மேனேஜர்' சேவையும் புதிதாக வரும் சீரியல் கருவியை மோடமா என்று தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. விதியிலேயே அதை விலகியிருக்கச் சொல்லலாம்.

மற்றபடி வழி 2-இல் சொன்ன திரும்ப வாங்கும் சிக்கல்கள் எல்லாம் இதற்கும் உண்டு. இதுவும் குழுதான்.

## வழி 4: திரைக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்

இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கேமராவும் ஒலியும் குழு இல்லாமலேயே எப்படி வேலை செய்கின்றன? கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான 'லாகின்டி'தான் காரணம். சில வகைக் கருவிகளுக்கு யுடெவ் 'யுஅக்சஸ்' என்ற குறியை ஒட்டிவைக்கிறது. ஒருவர் திரையில் நுழைந்ததும், அந்தக் குறியுள்ள கருவிகளின் ஏசிஎல்லில் அவர் பெயரை லாகின்டி எழுதும். வேறு பயனருக்கு மாறினால் முதலாமவர் பெயரை அழித்துப் புதியவர் பெயரை எழுதும். ஒலி, கேமரா, ஸ்மார்ட் கார்டு ரீடர், ஜாய்ஸ்டிக், பாதுகாப்புச் சாவி போன்றவற்றுக்கு இந்தக் குறி ஏற்கெனவே உண்டு. சீரியல் போர்ட்டுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆரம்பத்தில் சொன்ன ஆர்டுயினோ பிழை அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே அனுமதி மனிதரோடு ஒட்டவில்லை, இருக்கையோடு ஒட்டியிருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்குக் கிடைக்காது. மைக், கேமரா இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை நான் அறிந்தவரை இல்லை.

உங்கள் சொந்தக் கருவிக்கும் இந்தக் குறியை ஒட்டலாம். ஆனால் விதிக் கோப்பின் பெயர் 73-க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஏசிஎல் எழுதும் வேலை 73-ஆம் எண் கோப்பில் நடக்கிறது. பழக்கத்தில் 99 என்று பெயர் வைத்துவிட்டு, விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையே என்று தவிப்பவர்கள் அதிகம்.

அப்புறம், இந்த வழி எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏசிஎல் சரிபார்ப்பு, கோப்பைத் திறக்கும் நேரத்தில் மட்டும்தான். ஒருவர் கேமராவை ஏற்கெனவே திறந்து பதிவு செய்துகொண்டிருக்கும்போது வேறு பயனருக்கு மாறினால், அவர் பெயர் ஏசிஎல்லிலிருந்து போகும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் உள்ள கேமரா போகாது. அடுத்து உட்காருபவரை அது படம் பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஒலிக்குப் பயன்படும் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்றவை பயனர் மாறும்போது தாங்களாகவே கருவியை விட்டுவிடும். கெட்ட எண்ணத்தோடு எழுதிய நிரல் விடாது. திரையைப் பூட்டுவதாலும் எதுவும் மாறாது, அமர்வு அதேதான்.

ஆகவே நம்பிக்கை குறைவான இடத்தில் 'பயனரை மாற்று' வசதியையே முடக்கி, முழுதாக வெளியேறிய பிறகே அடுத்தவர் வர வேண்டும் என்று வைத்துவிடுங்கள். லாகின்டி அமைப்பில் 'கில்யூசர்ப்ராசஸஸ்' என்ற வரியை 'எஸ்' ஆக்கினால், வெளியேறியவரின் மிச்ச நிரல்கள் நிறுத்தப்படும். டெபியனிலும் உபுண்டுவிலும் அது இயல்பாக 'நோ'. டிமக்ஸை விட்டுவிட்டுப் போகும் பழக்கமுள்ளவர்களுக்கு இது இடைஞ்சல்தான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ஒரு மூடி போடுவது இவை எல்லாவற்றையும் விட எளிது.

பென்டிரைவும் கிட்டத்தட்ட இதே தத்துவத்தில்தான் நடக்கிறது. திரையில் இருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் மவுண்ட் செய்யலாம், மவுண்ட் ஆகும் இடம் அவர் ஒருவருக்கு மட்டும் திறக்கும். குழுக்களைத் தொடவே வேண்டாம்.

## வழி 5: நடுவில் ஒரு சேவை

அச்சுப்பொறிக்கு யாரும் டெவ் கோப்பின் அனுமதி கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கப்ஸ் என்ற சேவைதான் அச்சுப்பொறியோடு பேசுகிறது. பயனர்கள் கப்ஸிடம் வேலையைக் கொடுக்கிறார்கள், அது வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறது, யாருடைய வேலை என்பதையும் வைத்துக்கொள்கிறது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் அச்சிட்டாலும் தாள்கள் கலப்பதில்லை. ஜிபிஎஸ் கருவிக்கு ஜிபிஎஸ்டியும் இப்படித்தான், ஒரு கருவியிலிருந்து பலரும் ஒரே நேரத்தில் இடத்தகவல் படிக்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு உண்மையான விடை தருவது இந்த வழி ஒன்றுதான். லேப்பில் ஒரே சென்சாரின் தரவு பத்து மாணவர்களுக்கும் வேண்டும் என்றால், பத்து பேரையும் டயல்அவுட்டில் சேர்ப்பது வீண். ஒரு சிறிய பைதான் நிரல் போர்ட்டைப் படித்துக் கோப்பில் எழுதட்டும், அல்லது சென்சார் தரவைப் பலருக்கும் அனுப்பும் எம்க்யூடிடி முறை வழியாகப் பரப்பட்டும். அந்தச் சேவைக்கென்று தனிப் பயனர், போர்ட்டின் அனுமதி அதற்கு மட்டும். மாணவர்கள் தரவை மட்டும் படிப்பார்கள். திரும்ப வாங்குவதும் எளிது, ஏனென்றால் கருவி யார் கையிலும் இல்லை.

செலவு என்ன? யாராவது அதை எழுத வேண்டும், ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 'செர்2நெட்' போன்ற தயார் கருவிகள் சீரியல் போர்ட்டை டிசிபி போர்ட்டாக மாற்றித் தரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது: உள்ளூர் டிசிபி போர்ட்டுக்குப் பயனர் வாரியான அனுமதி கிடையாது. அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் இணையலாம். கிட்டத்தட்ட வழி 1-க்கே திரும்பிப் போன கதை. சொந்தமாக எழுதினால், கோப்பைப் போலவே அனுமதி போடக்கூடிய யுனிக்ஸ் சாக்கெட் வைத்து, அதற்குக் குழு அனுமதி போடுங்கள்.

சேவை எழுதும் அளவுக்கு நேரமில்லை, முறை வைத்துப் பயன்படுத்தினால் போதும் என்றால், சீரியல் போர்ட்டுக்கான பைதான் நூலகமான பைசீரியலில் போர்ட்டைத் திறக்கும்போது 'எக்ஸ்க்ளூசிவ்' என்று சொல்லும் வசதி உண்டு. எல்லோரும் அதைப் பயன்படுத்தினால் இரண்டாவதாகத் திறப்பவருக்குப் பிழை வரும், தரவு கலக்காது. ஒருவர் விட்டாலும் பயன் குறையும். அதனால் மாதிரி நிரலிலேயே அந்த வரியை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

## வழி 6: சூடோவில் ஒரு கட்டளை மட்டும்

கருவியைத் தொட வேண்டாம், இந்த ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டிக்கொள் என்று சூடோயர்ஸில் எழுதுவது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஆர்டுயினோவில் நிரல் ஏற்றும் 'ஏவிஆர்டியூட்' கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிப்பில் உள்ளதைப் படித்து, நீங்கள் சொல்லும் கோப்பில் எழுதவும் செய்யும். ரூட்டாக ஓடினால் கணினியின் எந்தக் கோப்பின் மேலும் எழுதும். வெறும் ஒரு கட்டளை என்று கொடுத்தது முழுக் கணினியாகிவிடுகிறது. எந்த விருப்பமும் ஏற்காத, ஒரே வேலை மட்டும் செய்யும் சிறு ஸ்கிரிப்ட்டுக்கு என்றால் சரி. ரிலேயை ஆன் செய்வது, ஆஃப் செய்வது மாதிரி. வேறு எதற்கும் வழி 3 மேல்.

## வழி 7: ஆளுக்கொரு இருக்கை

ஒரே கணினியில் இரண்டு திரை, இரண்டு விசைப்பலகை, இரண்டு மவுஸ் வைத்து இருவர் ஒரே நேரத்தில் உட்காருவது. லாகின்டியில் இது உள்ளேயே இருக்கிறது. 'லாகின்சிடிஎல் அட்டாச்' கொடுத்து ஒரு கிராஃபிக்ஸ் அட்டையையும் ஒரு யுஎஸ்பி ஹப்பையும் இரண்டாவது இருக்கைக்கு ஒதுக்கினால், அந்த ஹப்பில் செருகும் கருவிகள் அந்த இருக்கைக்கே சேரும். 2012-இல் வந்த ஃபெடோரா 17 இதைச் செருகியதும் வேலை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் உலகில் மல்டிபாயின்ட் சர்வர் இதே நோக்கத்தோடு வந்தது, விண்டோஸ் சர்வர் 2019-இல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது.

யார் எந்தக் கருவி என்ற தகராறு இதில் அநேகமாகத் தீர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு இருக்கைக்கும் தனி கிராஃபிக்ஸ் கருவி வேண்டும், ஒரே அட்டையின் இரண்டு வெளியீடுகளை இரண்டு இருக்கையாகப் பிரிக்க இது உதவாது. ஒருவர் மறுதொடக்கம் செய்தால் இருவரின் வேலையும் போகும். பழைய கணினிகள் மலிவாகக் கிடைக்கும் இன்றைய நிலையில், இரண்டாவது அட்டை வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இன்னொரு கணினியையே வாங்குவது பல இடங்களில் நல்லது. இடமும் மின்சாரமும் உண்மையிலேயே நெருக்கடியான சின்ன அறைக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | அனுமதி யாரோடு | எஸ்எஸ்எச்சில் | திரும்ப வாங்குவது | இருவர் திறந்தால் |
|---|---|---|---|---|
| எல்லோருக்கும் 666 | எல்லோரோடும் | உண்டு | தனி ஒருவரிடமிருந்து முடியாது | பாதுகாப்பு இல்லை |
| தயார் குழு | மனிதரோடு | உண்டு | அமர்வை முடித்த பிறகே | பாதுகாப்பு இல்லை |
| யுடெவ், சொந்தக் குழு | மனிதரோடு, ஒரு கருவிக்கு | உண்டு | அமர்வை முடித்த பிறகே | பாதுகாப்பு இல்லை |
| யுஅக்சஸ் | இருக்கையோடு | இல்லை | தானாக, திறந்திருப்பது தவிர | பாதுகாப்பு இல்லை |
| நடுச் சேவை | வேலையோடு | விருப்பப்படி | எளிது | சேவை பார்த்துக்கொள்ளும் |
| சூடோ கட்டளை | வேலையோடு | உண்டு | எளிது | கட்டளையைப் பொறுத்தது |
| தனி இருக்கை | இருக்கையோடு | இல்லை | தானாக, திறந்திருப்பது தவிர | கருவியே தனித்தனி |

## அப்படியானால் எதை எடுப்பது

வீட்டுக் கணினி என்றால் எதையும் மாற்றாதீர்கள். கேமராவும் ஒலியும் யுஅக்சஸில் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. ஆடியோ, வீடியோ குழுக்களில் யாராவது இருந்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். பிள்ளை ஆர்டுயினோ பழகினால் அந்த போர்டுக்கு யுஅக்சஸ் குறியோடு ஒரே ஒரு விதி போதும்.

கல்லூரி லேப்புக்கு வழி 3-உம் 4-உம் சேர்ந்து வேண்டும். ஒரே விதியில் சொந்தக் குழுவையும் யுஅக்சஸ் குறியையும் சேர்த்தே எழுதலாம். திரைக்கு முன்னால் இருக்கும் மாணவருக்குத் தானாகக் கிடைக்கும், இரவு ஓட வேண்டிய ப்ராஜெக்ட் உள்ளவரை மட்டும் குழுவில் சேர்ப்பீர்கள். செமஸ்டர் முடிந்ததும் குழுவைக் காலி செய்து, அமர்வுகளை முடித்துவிடுங்கள்.

ஒரே அளவுக்கருவியின் தரவு பலருக்கும் தேவைப்படும் ஆய்வுக்கூடத்தில் வழி 5-க்கு நேரம் செலவிடுவது பயன் தரும். சேவையை எழுத எடுக்கும் இரண்டு மூன்று நாளை, கலந்துபோன தரவைத் தேடும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது குறைவு.

ஜிபியூ உள்ள பொதுச் சர்வர் தனி ரகம். என்விடியா டிரைவர் தன் கருவிக் கோப்புகளை இயல்பாகவே எல்லோருக்கும் 666 என்று திறந்துவைக்கிறது. இந்த அட்டை உனக்கு, அந்த அட்டை அவருக்கு என்று 'கூடா விசிபிள் டிவைசஸ்' என்ற சூழல் மாறியால் பிரிப்பது வெறும் வேண்டுகோள், யாரும் அதை மாற்றிக்கொள்ளலாம். ஸ்லர்ம் போன்ற வேலை வரிசை அமைப்பில் சிகுரூப் (ஒரு வேலைக்கு எந்தக் கருவி என்று கெர்னல் கட்டுப்படுத்தும் வசதி) வழியே கருவிக் கட்டுப்பாட்டை இயக்கினால்தான் ஒதுக்காத அட்டை உண்மையிலேயே அடைபடும். பயனர்கள் சர்வருக்குள் நேரடியாக எஸ்எஸ்எச் செய்யும் வழியையும் கூடவே மூட வேண்டும், இல்லையென்றால் வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எந்த வழியை எடுத்தாலும், செய்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, அவருக்குத் தெரிவித்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்து சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கில் எஸ்எஸ்எச் வழியாக நுழையுங்கள். 'ஐடி' கட்டளையில் என்னென்ன குழு தெரிகிறது என்று பாருங்கள், கேமராவையும் மைக்கையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் இதைச் செய்யுங்கள், முதலில் உருவாக்கிய கணக்கிலிருந்து தொடங்கி.